புறநானூறு ஔவை உரை, இரண்டாம் தொகுதி: சாவுப் பாட்டுகளுக்காகவே வாங்கலாம்

புறநானூற்றுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை எழுதிய உரை இரண்டு தொகுதி. முதலாவதில் 1 முதல் 200 வரை, இரண்டாவதில் 201 முதல் 400 வரை. நான் எழுதப்போவது இரண்டாவதைப் பற்றி மட்டும்தான். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்', 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்று பள்ளிக்கூடத்திலும் பட்டிமன்றத்திலும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வரிகள் முதல் தொகுதியிலேயே வந்துவிடுவதால், ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இரண்டாவதை வாங்குங்கள் என்பேன். 217-இல் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமலிருந்து, உயிர்விட்ட கதையில் தொடங்கி 260-களைத் தாண்டும் வரை திரும்பிய பக்கமெல்லாம் சாவு. நண்பன் பாடுகிறான், கணவனை இழந்தவள் பாடுகிறாள், மனைவியை இழந்த அரசன் பாடுகிறான், பரிசில் வாங்கிச் சாப்பிட்ட புலவர் பாடுகிறார். இத்தனை சாவை ஒரே இடத்தில் படித்தால் மனசு கனத்துப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு நடந்தது வேறு. படிக்கப் படிக்கச் சுற்றி இருப்பதெல்லாம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

சாவை அழகாகச் சொல்வது என்றால் நம் ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது கண்ணீர் அஞ்சலி பேனர். உதிர்ந்த மலரே, அணைந்த தீபமே, விண்ணுலகம் சென்றாயோ. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, எழுதச் சொன்னவர்களின் துக்கம் நிஜமானது. ஆனால் படத்தையும் பெயரையும் மாற்றினால் அந்த வரிகள் அடுத்த தெருவுக்கும் அப்படியே பொருந்தும், போனவர் யார் என்று அதில் தெரியாது. புறநானூற்றின் நல்ல கையறுநிலைப் பாட்டுகள், அதாவது இறந்தவரை நினைத்து இரங்கும் பாட்டுகள், அந்த வேலையைச் செய்வதில்லை. போனவரைச் சுற்றி என்ன கிடக்கிறது, எது நின்றுபோனது, எது ஒன்றும் நடக்காதது போல இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அவை பார்க்கின்றன. சாவின் மேல் அழகைப் பூசுவதில்லை, சாவு நுழைந்த வீட்டிலும் காட்டிலும் ஏற்கனவே இருந்த அழகை விடாமல் பார்க்கின்றன. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தத் தொகுதியைச் சொல்கிறேன்.

242-ஆம் பாட்டைப் பாருங்கள். குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துவிட்டான். புலவர் முல்லைக் கொடியைப் பார்த்துப் பேசுகிறார்.

இளையோர் சூடார்; வளையோர் கொய்யார்;
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான்; பாடினி அணியாள்;
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?

ஆறே வரி. சாத்தன் எப்படிச் செத்தான், எந்தப் போரில், எத்தனை வயது, ஒன்றும் இல்லை. இளைஞர்கள் சூடமாட்டார்கள், வளையல் போட்ட பெண்கள் பறிக்கமாட்டார்கள், பாணன் யாழின் தண்டால் கொடியை மெல்ல வளைத்துப் பூப்பறித்துச் சூடமாட்டான். அந்த 'மெல்ல வாங்கி' என்ற இடத்தை நிறுத்திப் படியுங்கள். பாணன் இனிமேல் செய்யப்போவதில்லை என்று சொல்லவேண்டிய ஒரு காரியத்தை, அவன் எவ்வளவு பதமாகச் செய்வான் என்பதோடு சேர்த்துச் சொல்கிறார். இல்லை என்று சொல்லிக்கொண்டே கண் முன்னால் காட்டிவிடுகிறார். சாத்தன் உயிரோடு இருந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்பது அந்த இல்லைகளுக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. கடைசியில் பூவைப் பார்த்து, நீயும் பூத்தாயா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

என் பெரியப்பா காலமானபோது பேனருக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான் கடைசி இரண்டு வரியை, சாத்தன் இருக்கும் இடத்தையும் ஊர்ப் பெயரையும் மாற்றாமல் அப்படியே கொடுத்தேன், கீழே சிறிய எழுத்தில் பொருளும் போடச் சொன்னேன். தெருமுனையில் கட்டிய பிறகு வந்தவர்களில் பாதிப் பேர் நின்று படித்தார்கள், சாத்தன் யார் என்று ஒருவர் கேட்டார். அத்தை மட்டும் பொருளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பூ என்னடா பண்ணும், பாவம்" என்றாள். எத்தனையோ பேர் இந்தப் பாட்டுக்கு விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன், முல்லையைப் புலவர் கண்டிக்கிறார் என்பார்கள். அத்தை சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சூட ஆள் இல்லாத ஊரில் பூத்துவிட்ட கொடியும் ஆதரவற்றுப் போய்த்தான் நிற்கிறது.

அடுத்து 249, தும்பிசேர்கீரனார் பாடியது. இதை யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை, எனக்கு இந்தத் தொகுதியிலேயே மிகவும் பிடித்தது இதுதான். முதல் பாதி முழுக்க மீன். ஆரல் மீன் சேற்றுக்குள் ஒளிகிறது, வாளை தண்ணீர் மேலே துள்ளிப் புரள்கிறது, வலை வீசுகிறவர்கள் வயல்நீரைக் கலக்கும்போது ஆமை தடாரிப் பறை போல மல்லாந்து மின்னுகிறது, சினை முதிர்ந்த வரால் பனங்குருத்து மாதிரி இருக்கிறது, வேல் போன்ற கயலை முகந்து எடுக்கிறார்கள். அவ்வளவு வளமான நாட்டுக்குத் தலைவன், நேற்று வரை பலரோடு கூடி உட்கார்ந்து சாப்பிட்டவன். இன்று அவன் மேலுலகம் போய்விட்டான், அவனுக்குப் படைக்க அவன் மனைவி ஒரு சின்ன இடத்தை மெழுகுகிறாள். எவ்வளவு சின்ன இடம்? சுளகு அளவு. இப்போதும் தென் மாவட்டங்களில் முறத்தைச் சுளகு என்றுதான் சொல்கிறோம், அதே சுளகு. சாணத்தைத் தண்ணீர் விட்டுக் கரைக்கவில்லை.

அழுதல் ஆனாக் கண்ணள்
மெழுகும் ஆப்பிகண் கலுழ்நீ ரானே.

கண்ணிலிருந்து வடியும் நீராலேயே மெழுகுகிறாள். சாவு என்ற சொல்லே இதில் கிடையாது. மீன் துள்ளும் ஒரு நாடு முழுவதும் ஒரு முறத்தின் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பாதியில் அந்த மீன்கள் அத்தனை உயிரோடு புரண்டிருக்காவிட்டால் இரண்டாம் பாதி வெறும் ஒப்பாரியாக நின்றிருக்கும். முதல் தடவை படிக்கும்போது இந்த மீன் வர்ணனையை அவசரமாகத் தாண்டத் தோன்றும், தாண்டாதீர்கள்.

இதற்கு முந்தைய பாட்டு 248, ஒக்கூர் மாசாத்தனார். வெள்ளாம்பலைப் பார்த்து ஒரு பெண் பேசுகிறாள். சின்ன வயதில் இதன் தழைதான் எனக்கு உடுப்பு, இப்போது கணவன் போன பிறகு வேளை தவறி உண்ணும் கைம்மைச் சோற்றுக்கு இதன் அரிசிதான் கிடைக்கிறது. அதே குளம், அதே பூ. இதற்கு மேல் விளக்கினால் கெட்டுவிடும்.

குயவனைப் பார்த்துப் பேசும் பாட்டுகள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் 'கலம்செய் கோவே' என்றுதான் தொடங்கும். 228-இல் ஐயூர் முடவனார் இறந்துபோன சோழன் கிள்ளிவளவனுக்காகக் கேட்கிறார்: அவ்வளவு பெரியவனைப் புதைக்கத் தாழி செய்ய வேண்டுமே, நிலம் முழுவதும் சக்கரமாக, பெரிய மலை மண்ணாக இருந்தால் ஒருவேளை முடியும், உன்னால் முடியுமா என்று. பெரிய கற்பனைதான், ஆனால் அது அரசனின் புகழுக்கு எழுதியது. 256-க்குப் புலவர் பெயரே தெரியாது. கணவன் பின்னால் பல சுரங்களை, வறண்ட பாலை வழிகளை, கடந்து வந்த ஒரு பெண் பேசுகிறாள், தன்னை ஒரு பல்லியாகச் சொல்கிறாள். அச்சு வைத்த வண்டியின் ஆர்க்காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுவெண் பல்லி. வண்டி போகும் இடமெல்லாம் அதுவும் போகும். இப்போது வண்டி நின்றுவிட்டது. குயவனே, எனக்கும் இரக்கப்பட்டு, தாழியை அகலமாக வனை என்கிறாள். நானும் சாகிறேன் என்று அவள் சொல்லவில்லை. ஒரு தொழிலாளியிடம் அளவு சொல்கிற மாதிரி, கொஞ்சம் அகலமாக, அவ்வளவுதான். ஆதிச்சநல்லூரிலும் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையிலும் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகளை நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள், இனிமேல் பார்க்கும்போது வாய் அகலத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

255-ம் அதே பாலை வழிதான். வன்பரணர் பாடியது. காட்டுக்குள் கணவன் விழுந்து கிடக்கிறான். ஐயோ என்று கத்தினால் புலி வருமோ என்று பயம், தூக்கலாம் என்றால் அகன்ற மார்பு, தூக்க முடியவில்லை. என் வளைக்கையைப் பிடித்துக்கொள், மலை நிழலுக்குப் போய்விடலாம், 'நடத்திசின் சிறிதே' என்கிறாள். கொஞ்சம் நட. இறந்தவனிடம் கேட்பது கொஞ்சம்தான். எனக்கு இந்த வரியைச் சத்தமாகப் படிக்க முடிந்ததே இல்லை.

இப்போது எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்கக் கூடாது. சாவை அழகாக்கும் கவிதை யாருக்கு வேலை செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். 278-இல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழவியை எல்லாருக்கும் தெரியும். மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் சொல்ல, அப்படியானால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள், துண்டுபட்டுக் கிடக்கும் மகனைப் பார்த்து, பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். பாட்டாக எடுத்துக்கொண்டால் அபாரம், பிணங்களைப் புரட்டித் தேடும் அந்தக் கை கண்ணை விட்டுப் போகாது. ஆனால் இதே கதையைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வீரத்தாய் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அந்தத் துண்டான உடலால் ஆதாயம் அடைந்தவன் அரசன்தான் என்று யாரும் சொல்வதில்லை. துறைக்கு, அதாவது பாட்டின் சூழலைச் சொல்லும் வகைக்கு, வைத்த பெயர் உவகைக் கலுழ்ச்சி, மகிழ்ச்சியில் அழுவது. அந்த அழுகையில் எவ்வளவு மகிழ்ச்சி என்று எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்வது 245-ம் 246-ம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. 245 மனைவியை இழந்த சேர அரசன் பாடியது, சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. என் வேதனை எவ்வளவு பெரியது என்றால்தான் என்ன, உயிரைப் போக்கும் வலிமை அதற்கு இல்லையே என்று தொடங்குகிறான். கள்ளி வளர்ந்த களர்நிலத்தில் விறகடுக்கி, ஒளிவிடும் தீயைப் படுக்கையாக்கி அவளைக் கிடத்தியாயிற்று. அவள் போய்விட்டாள். 'இன்னும் வாழ்வல், என்இதன் பண்பே!' இன்னும் உயிரோடு இருக்கிறேன், இது என்ன இயல்பு என்று முடிக்கிறான். ஓர் அரசன் தன் துக்கத்தின் போதாமைக்கு வெட்கப்படுவதை இவ்வளவு வெளிப்படையாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

பக்கத்தைத் திருப்பினால் பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு. தீயில் இறங்கப் போகிறவளைத் தடுக்கும் சான்றோர்களைப் பார்த்து, பொல்லாத சூழ்ச்சிக்காரர்களே என்கிறாள். உங்களுக்கு அந்த ஈமச் சிதை அரிதாக இருக்கட்டும், கணவன் போன பிறகு எனக்குத் தாமரை பூத்த குளிர்ந்த பொய்கையும் தீயும் ஒன்றுதான். முந்தைய பாட்டில் தீ படுக்கை, இதில் தீ தாமரைக் குளம். இரண்டுமே அழகான படிமங்கள். ஆனால் ஆண் தீயைப் பார்த்துவிட்டு வீடு திரும்பி வெட்கப்படலாம், பெண் அதற்குள் இறங்க வேண்டும். அந்தத் தாமரைக் குளத்துக்கு முன்னால் அவள் ஒரு பட்டியல் தருகிறாள், அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: நெய் படாமல் கையால் பிழிந்த சோற்றுருண்டை, எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பரல்கல் மேல் பாய்கூட இல்லாத படுக்கை. உயிரோடு இருந்தால் அவளுக்குக் காத்திருந்தது அது. தீ ஏன் குளமாகத் தெரிந்தது என்று அந்தப் பட்டியலைப் படித்தால் புரிந்துவிடும். அவளுடைய தீரத்தை நான் மறுக்கவில்லை. அந்தப் பட்டியலை அவள் தலையில் கட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். பட்டியலை விட்டுவிட்டுத் தாமரையை மட்டும் எடுத்துப் பாராட்டினால், கவிதை சொன்னதில் பாதியை மறைத்ததாகிவிடும்.

சரி, புத்தகத்தைப் பற்றி. உரைகள் எத்தனையோ இருக்க ஏன் ஔவை உரை? உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தபோது அதோடு வந்த பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. 267-ம் 268-ம் பாட்டே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வரும் 130-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்குக் கைப்பிடிக்கப் பழைய உரை கிடையாது, அங்கே துரைசாமிப் பிள்ளை தன் சொந்தக் காலில் நடக்கிறார். பாட்டுக்கு முன்னால் பாடியவர், பாடப்பட்டவர் பற்றி ஒரு முன்னுரை, பிறகு பாட்டு, திணை, துறை, உரை, அப்புறம் விளக்கம். ஊர்ப் பெயர் வரும் இடங்களில் கல்வெட்டுகளை எடுத்துவந்து இந்த ஊர் இதுவாக இருக்கலாம் என்பார், அது எனக்கு மிகவும் பிடிக்கும். பாட்டில் வரும் ஊர் நிஜமான மண் மேல் இருக்கும் ஊர் என்று தெரிந்தால் அந்த முல்லைக்கும் ஒரு வேலி கிடைத்துவிடுகிறது.

குறை என்றால் அவருடைய உரைநடை பண்டிதத் தமிழ், முதல் முறை வாசிப்பவர்களுக்குப் பாட்டைவிட உரை கடினமாகத் தோன்றும் இடங்கள் உண்டு. பொறுமையாகப் போனால் பழகிவிடும். இன்னொன்று, அவர் எல்லாப் பாட்டுக்கும் ஒரே நிதானத்தோடு விளக்கம் சொல்வார், 249 போன்ற ஒன்றின் முன் கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று எனக்கு ஏக்கம்.

பல பதிப்பகங்கள் மறுபதிப்புப் போடுவதால் எதை வாங்குகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும். என்னிடம் இருக்கும் மறுபதிப்பு மெல்லிய தாள், பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. பாட்டும் உரையும் ஒரே அளவு எழுத்து, வேகமாகப் புரட்டும்போது பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கண் தேட வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, பாட்டு முதற்குறிப்பு அகராதி இல்லை, 'சிறியகட் பெறினே' எந்த எண் என்று தெரியாதவர் பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டியதுதான். (அது 235, அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது, நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவானே என்று வரும், தவறவிடாதீர்கள்.) கடையில் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கங்களைத் திறந்து அந்த அகராதி இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்குவதென்றால் விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்தத் தொகுதியில் பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' கிடையாது, அது 112, முதல் தொகுதியில் போய்விட்டது.

யாருக்கு இதைக் கொடுக்கலாம்? துக்கம் நடந்த வீட்டில் உடனே கொண்டுபோய் நீட்டாதீர்கள், அந்த நேரத்தில் யாருக்கும் உரையும் விளக்கமும் வேண்டாம். சில மாதம் கழித்துப் பேச ஆரம்பிப்பார்கள், அப்போது கொடுக்கலாம், கொடுக்கும்போது 264-இல் ஓர் அட்டை வைத்துக் கொடுங்கள். உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய நடுகல் பாட்டு அது. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டு, செம்பூ மாலையும் மயிற்பீலியும் சூட்டி, பெயரும் பொறித்தாகிவிட்டது. அவன் போனது தெரியாமல் பாணர் கூட்டம் இன்றும் அவனைத் தேடி வருமோ என்று முடியும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்தோடு, ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கு நட்ட கல் கிடைத்ததே, பெயர் பொறித்த கல் என்று புலவர் சொன்னது வெறும் வாய்வார்த்தை இல்லை என்று அதைப் பார்த்த பிறகு தோன்றியது. வீட்டில் ஒருவர் போன பிறகும் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு தபால்காரர், பால்காரர், பழைய நண்பர் என்று யாராவது வாசலில் வந்து நிற்பது எல்லாருக்கும் நடப்பதுதான், அதனால் இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று தாளுக்கும் இல்லாத அகராதிக்கும். கெட்டி அட்டைப் பதிப்பு கிடைத்தால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள், 240-க்கும் 260-க்கும் நடுவே அடிக்கடி திறப்பீர்கள், சாதா அட்டை என்றால் முதுகு அங்கேதான் முதலில் விடும்.